ஒருத்திக்கு மட்டும் எழுதியது

அத்தியாயம் பதினேழு

கார்குழலி அண்ணனின் விளம்பர அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், "சொந்தக்காரன்கிட்ட வேலைக்குப் போனா வேலையும் நிக்காது, சொந்தமும் நிக்காது" என்று மாமியார் அஞ்சலாட்சி வாய் வைத்ததும் போன வாரத்தோடு போகட்டும். மாமியார்கள் சொல்வதில் பாதி பலிப்பதில்லை. பலிக்கிற பாதிதான் உயிரை எடுக்கும்.

யாருக்கு யார் என்ன உறவு என்று தலை சுற்றுகிறதாம், வாசகிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக இன்னொரு தரம். முத்தியால்பேட்டை அன்பழகன், தவளக்குப்பத்துச் சுமலதாவைக் கட்டினான். அன்பழகனின் தங்கை கார்குழலியை, சுமலதாவின் அண்ணன் ராஜ்கமல் கட்டினான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே மேடை, ஒரே முகூர்த்தம், இரண்டு தாலி. அதனால் கார்குழலிக்குச் சுமலதா அண்ணி. சுமலதாவுக்கும் கார்குழலி அண்ணி. இருவரும் மாறி மாறி "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டால் புதிதாக வந்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்குழலியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வழக்கம்போல ராஜ்கமலுக்கு டீ கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான். காரணத்தை அவளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

"மாமா, நேத்து நான் அவ்ளோ பெரிய மெசேஜ் அனுப்புனேன். நீங்க 'ok'னு ரெண்டு எழுத்து போட்டு முடிச்சிட்டீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எப்படியெல்லாம் எழுதுவீங்க?"

"அப்பவே ஸ்டாக்கு தீந்துடுச்சி" என்றான் ராஜ்கமல், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

அவள் அவன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று ராஜ்கமல் ஒரு வார்த்தை பேசவில்லை. கேசரியைச் சாப்பிட்டான், தரையைப் பார்த்தான், போய்விட்டான். கார்குழலி எம்.எஸ்ஸி. படித்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இந்த ஊமைச்சாமியார் வேணாம்" என்று அம்மா பாக்கியலட்சுமியிடம் அப்போதே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்று வாரத்தில் அவளே போய், "பேசி முடிச்சிடுங்கம்மா" என்று வெட்கத்தோடு சொல்லும்படி ஆயிற்று. நேரில் வாய் திறக்காதவன் எழுத்தில் இப்படி உருகுகிறானே என்று அவளுக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள்.

அன்பழகனின் அலுவலகம் அவன் வீட்டு மாடியிலேயே இருந்தது. ஜவுளிக்கடை நோட்டீஸ், ஸ்கேன் சென்டர் பேனர், மனை விற்பவர்களின் வாட்ஸ்அப் விளம்பரம், எது கேட்டாலும் எழுதிக் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில், விளம்பரம் எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு வகுப்பு. அன்றைக்கு மெத்தைக் கடை இராமதாஸ், வீட்டிலேயே நலங்கு மாவு அரைத்து விற்கும் கவிநிலா, இன்னும் சிலர் வந்திருந்தார்கள். கார்குழலி கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீயும் கேளு குழலி, உனக்கும் எழுத வந்துட்டா எனக்குப் பாதி பாரம் குறையும்" என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

இராமதாஸ் தன் நோட்டீஸை எழுந்து நின்று படித்தார். "தரமான மெத்தைகள், நியாயமான விலை, வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்."

"தெய்வத்துக்கு எதுக்குண்ணே மெத்தை? அது நின்னுகிட்டேதான இருக்குது" என்றான் அன்பழகன்.

எல்லோரும் சிரித்தார்கள். இராமதாஸும் சிரித்தார்.

"ஊருக்கு எழுதாதீங்க. ஊருன்னு ஒரு ஆளு கிடையாது. ஒருத்தருக்கு எழுதுங்க. அவங்க எதுக்கு பயப்படறாங்க, எத வெளிய சொல்ல வெக்கப்படறாங்க, அது தெரிஞ்சா போதும். 'ராத்திரி திரும்பிப் படுத்தா முதுகு புடிச்சிக்குதா?'ன்னு கேளுங்க. ஆமான்னு அவங்க மனசுக்குள்ள சொல்லிட்டாங்கன்னா பாதி மெத்தை வித்தாச்சி."

இராமதாஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"அடுத்தது, உங்க குறை ஒண்ண நீங்களே முதல்ல ஒத்துக்குங்க. 'எங்க கடை சந்துக்குள்ள இருக்குது, தேடித்தான் வரணும்'னு போடுங்க. குறைய ஒத்துக்கறவன் பொய் சொல்ல மாட்டான்னு நம்பிடுவாங்க. அப்புறம், 'வேணாம்னா விட்டுடுங்க, கட்டாயம் இல்ல'ன்னு சொல்லுங்க. கதவைத் தொறந்து வெச்சா எவனும் ஓட மாட்டான். சாத்தினாதான் ஓடுவான்."

கார்குழலிக்குப் பெருமையாக இருந்தது. ராஜ்கமலின் முதல் செய்தி ஞாபகம் வந்தது. 'அன்னிக்கு உங்க வீட்ல ஒரு வார்த்தை பேசாம கேசரிய மட்டும் தின்னுட்டு வந்தேன். எனக்குப் பேச வராதுங்க.' குறையைத்தானே முதலில் சொன்னான்! எந்த வகுப்புக்கும் போகாமலே என் வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

நடுவில் டீ எடுத்துவரக் கீழே போனாள். தட்டோடு படியேறி வரும்போது கவிநிலாவின் குரல் கேட்டது.

"சார், வேணாம்னு முடிவே பண்ணிட்டவங்ககிட்ட இதெல்லாம் எடுபடுமா?"

அன்பழகனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. நாலு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு எப்போதுமே நாக்கு நிற்காது.

"எடுபடுமாவா? வேணாம்னு அடிச்சிச் சொன்ன ஒரு பொண்ண, அதே மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்ல வெச்சிருக்கேன். எல்லாம் வாட்ஸ்அப்லயே."

"எப்படி சார்?"

"அந்தப் பொண்ணு மனசுல ஒரு புண்ணு இருந்துச்சி. யாருகிட்டயும் காட்டாதது. அத அப்படியே மாப்பிள்ளையோட புண்ணா மாத்தி எழுதினேன். 'எங்கப்பா உயிர் போனப்ப நான் பக்கத்துல இல்லங்க. டீ குடிக்கக் கீழ எறங்கிப் போயிருந்தேன். இன்னிக்கும் டீ கிளாஸ கையில எடுத்தா மனசு ஒரு நிமிஷம் நின்னுடும்'னு. அவ்ளோதான். தன் வலிய இன்னொருத்தர் வாயால கேட்டா, மனுஷங்க அவங்கள விடவே மாட்டாங்க."

கார்குழலியின் கையிலிருந்து தட்டு விழவில்லை. அதெல்லாம் சினிமாவில்தான். அவள் உள்ளே வந்தாள். இராமதாஸுக்கு ஒரு கிளாஸ், கவிநிலாவுக்கு ஒரு கிளாஸ் என்று வரிசையாகக் கொடுத்தாள். கடைசி கிளாஸை அண்ணனின் மேஜைமேல் வைத்தாள்.

அன்பழகன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் கீழே இறங்கினாள்.

அவர்களுடைய அப்பா கோவிந்தசாமி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரவும் பகலும் கூட இருந்தவள் கார்குழலிதான். ஒருநாள் விடியற்காலையில், அப்பா தூங்குகிறாரே என்று கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள். வந்தபோது அவர் இல்லை. எல்லோரும், "பொண்ணு பக்கத்துலயே இருந்து அனுப்பி வெச்சிடுச்சி" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அவளை உள்ளுக்குள் அரித்தது. அண்ணனிடம் மட்டும் ஒருநாள் சொல்லி அழுதாள். வேறு யாருக்கும் தெரியாது.

அதனால்தான் ராஜ்கமலிடமிருந்து அந்த டீ செய்தி வந்தபோது அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள். உலகத்தில் தன்னைப்போலவே இன்னொரு உயிர் இருக்கிறது என்று நம்பினாள். மறுநாள் காலையில்தான் அம்மாவிடம் சம்மதம் சொன்னாள்.

சமையலறையில் சுமலதா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மாடியில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"அண்ணி" என்றாள் கார்குழலி. "உங்கப்பா போனப்ப யாரு பக்கத்துல இருந்தா?"

"என்னா அண்ணி திடீர்னு? அண்ணன் மடியிலதான் உசுரு போச்சி. கடைசித் தண்ணி ஊத்துனதே அண்ணன்தான்."

"டீ குடிக்க எங்கயும் போகலியா?"

"டீயா? வீட்டுக் கூடத்துல நடந்ததுக்கு எந்த டீ? எல்லாரும் சுத்தி நின்னோம். ஏன் அண்ணி, முகமெல்லாம் என்னமோ போல இருக்குது?"

இரண்டு வருஷமாக ஒவ்வொரு காலையும் அவன் டீ குடித்து முடிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, எதற்கு? அந்த ஒரு நிமிஷத்தில் அவன் தனியாக இருக்கக்கூடாது என்று. இல்லாத வலிக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். கார்குழலிக்கு அவமானத்தில் உடம்பே எரிந்தது.

வகுப்பைப் பாதியில் முடித்து அனுப்பிவிட்டு அன்பழகன் வேகமாக இறங்கி வந்தான்.

"குழலி, அது சும்மா வகுப்புக்காக ஒரு உதாரணம்..."

"எல்லாமே நீயா?"

"நான் சொல்றத..."

"முதல் மெசேஜ்லேருந்தேவா?"

அவன் தரையைப் பார்த்துத் தலையாட்டினான்.

"அவன் ஒரு வரி எழுத மாட்டான் குழலி. ஆனா தங்கமானவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். நல்ல சரக்குக்கு விளம்பரம்தான் சரியில்ல, அத மட்டும்தான் நான்..."

"சரக்கா?" என்றாள் கார்குழலி. "இதுல சரக்கு யாருண்ணா? நானா, அவரா?"

சுமலதா மீனைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றாள். "என்னா பேசிக்கறீங்க ரெண்டு பேரும்? எனக்கு ஒண்ணும் புரியல."

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்க அண்ணன் எனக்கு எழுதினதெல்லாம் உங்க வீட்டுக்காரர் எழுதினது அண்ணி."

சுமலதா புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"உங்கம்மா கறாரா சொல்லிட்டாங்க சுமா. எங்க வீட்டுப் பொண்ண குடுத்தாதான் உன்ன எனக்குக் குடுப்பேன்னு. நான் வேற என்னா பண்ணுவேன்?"

"ஆனா என்கிட்ட என்னா சொன்ன?" கார்குழலி ஓரடி முன்னால் வந்தாள். "'உனக்குப் புடிக்கலன்னா வேணாம் குழலி, எனக்காகப் பாக்காத, என் கல்யாணம் அதுபாட்டுக்கு நடக்கும்'னு என் தலையத் தடவிச் சொன்னல்ல? நான் அன்னிக்கு ராத்திரி முழுக்க, எப்பேர்ப்பட்ட அண்ணன் எனக்குன்னு நெனச்சி அழுதேன். அதுவும் கதவைத் தொறந்து வெக்கற வேலைதானா?"

அன்பழகன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் விலகிக்கொண்டாள்.

"அப்பாவ விட்டுட்டு டீ குடிக்கப் போனத உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். என் துக்கத்தையே எனக்கு வித்துட்டியே அண்ணா!"

"நீ நல்லா இருக்கணும்னுதான..."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்" என்றான்.

அம்மா அன்று வில்லியனூரில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் அவளிடம் என்ன கேட்டிருப்போம் என்று கார்குழலிக்கே தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "சாப்டுட்டுப் போங்க அண்ணி" என்று சுமலதா பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, சொன்ன வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள்.

தவளக்குப்பம் ஜங்ஷனில் ராஜ்கமலின் டூவீலர் ஒர்க்‌ஷாப். ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே நிற்க இடமிருக்காது. வெளியூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வாடகைக்கு எடுத்த ஸ்கூட்டர்கள் பாதி வழியில் படுத்துக்கொண்டு இங்கேதான் வந்து சேரும். அவள் போனபோது ராஜ்கமல் ஒரு வண்டியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். அவளைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான். அன்பழகன் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

"உள்ள வா குழலி. வெயில்ல நிக்காத."

"இங்கயே கேக்கறேன். எங்க அண்ணன் எழுதிக் குடுத்தத நீங்க எனக்கு அனுப்புனீங்களா?"

"...ஆமா."

"படிச்சிப் பாத்து அனுப்புனீங்களா?"

அவன் கை எண்ணெயை ஒரு துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கடை நேரத்துல வரும். சிலது படிப்பேன். சிலது அப்படியே உனக்குத் தள்ளி விட்ருவேன்."

இதைவிட, உருகி உருகிப் படித்துவிட்டு ஏமாற்றினேன் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

"நான் எழுதினதெல்லாம்? நான் உங்களுக்குத் திருப்பி எழுதினேனே, பக்கம் பக்கமா. அதெல்லாம் யாரு படிச்சா?"

ராஜ்கமல் எண்ணெய்த் துணியை மடித்து வண்டிமேல் வைத்தான்.

"சொல்லுங்க மாமா."

"மச்சானுக்கு அனுப்பிடுவேன். அத பாத்தாதான பதில் எழுத முடியும்னு சொன்னான்."

கார்குழலி பக்கத்திலிருந்த வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெண், தான் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று நம்பி, யாரிடமும் காட்டாத மனசை எழுத்தில் கொட்டியிருக்கிறாள். கூடப் பிறந்த அண்ணன் அதையெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறான். படித்துவிட்டு எந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தலாம் என்று பார்த்திருக்கிறான். இனி அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

"காலையில டீ குடிக்கும்போது நான் பக்கத்துல உக்காருவேனே. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மொதல்ல தெரியாது. அப்புறம் ஒருநாள் பழைய மெசேஜெல்லாம் எடுத்துப் பாத்தேன். அப்பதான் புரிஞ்சிது."

"புரிஞ்சப்புறமும் சொல்லல."

"நீ பக்கத்துல உக்காந்தா நல்லாருந்துச்சி குழலி. சொன்னா எழுந்து போயிடுவியோன்னு..."

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பதிலுக்கு அவள் கரைந்திருப்பாள். இன்றைக்கு அதைக்கூட நம்ப முடியவில்லை. இதுவும் யாராவது சொல்லிக் கொடுத்ததோ? இதையும் முத்தியால்பேட்டையிலிருந்து போனில் ஓதியிருப்பானோ? அன்பழகன் அவளிடமிருந்து திருடியது இதைத்தான். இனி யார் நல்ல வார்த்தை சொன்னாலும் அவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "ஒரு வரி எழுதுங்க. நீங்களே எழுதினதா இருக்கணும். தப்பும் தவறுமா இருந்தா பரவால்ல, 'ok'னு இருந்தாக்கூட பரவால்ல. நான் கட்டிக்கிட்டது யாருன்னு எனக்குத் தெரியணும். அது வந்தா வீட்டுக்கு வரேன். வரலன்னா வர மாட்டேன்."

ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் வந்தபிறகுதான் எங்கே போகிறோம் என்று யோசித்தாள்.

மற்ற பெண்கள் புருஷனோடு சண்டை போட்டால் அம்மா வீட்டுக்குப் போவார்கள். அவளுடைய அம்மா வீட்டில் அன்பழகன் இருக்கிறான். அம்மாவே உடந்தை. வில்லியனூர் சித்தி வீட்டுக்குப் போகலாம் என்றால் அங்கே அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் உறவு விட்டுப்போகாது என்று அன்றைக்கு மேடையில் பெரியவர்கள் எல்லோரும் பூரித்தார்கள். கோபித்துக்கொண்டு போக ஒரு வீடு மிஞ்சாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் பீச் ரோட்டுக்கு வந்து பாறைகளைப் பார்த்து உட்கார்ந்தாள். மாலை ஆனதும் வழக்கம்போல அந்த ரோட்டில் வண்டிகள் வராமல் தடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குடும்பம் குடும்பமாக வந்து ரோடு முழுக்க நிறைந்தது. யாரோ ஒருவன் தன் பெண்டாட்டியைப் பாறைமேல் ஏறி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தான். அவளுக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

போன் ஒருமுறை சிணுங்கியது. ராஜ்கமல்.

'குழலி, எனக்கு எழுத வராது. இதையே ரொம்ப நேரமா எழுதி எழுதி அழிக்கிறேன். உன் துக்கத்தையே உனக்கு வித்தது பெரிய பாவம். மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. நீ வர வேணாம்னு நெனச்சாலும் சரிதான். நாளைக்குக் காலையில ரெண்டு கிளாஸ்ல டீ ஊத்தி வெப்பேன். ஒண்ணு ஆறிப்போனா ஆறிப்போகட்டும்.'

கார்குழலி அழுதாள். அக்கம்பக்கம் பார்க்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வரி கேட்டேன், இந்த மனுஷன் எப்படி எழுதியிருக்கிறான்! எண்ணெய்க் கையோடு எத்தனை நேரம் உட்கார்ந்து அடித்தானோ! எழுந்து நின்றாள். பையில் ஸ்கூட்டி சாவியைத் தேடினாள். தேடிக்கொண்டே இன்னொரு தரம் படித்தாள்.

மூன்றாவது வரியில் கண் நின்றது.

துக்கத்தை விற்ற பேச்சை அவள் யாரிடம் பேசினாள்? தவளக்குப்பத்தில் பேசவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் அந்த வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. முத்தியால்பேட்டையில், சமையலறையில், மீன் வாசனைக்கு நடுவில், அண்ணன் முகத்துக்கு நேராகச் சொன்னது அது.

அப்புறம் எல்லாமே தெரிந்தது. எழுத வராது என்ற குறை முதல் வரியில். வர வேண்டாமென்றாலும் சரி என்று திறந்து வைத்த கதவு. அவளுடைய வலி, பக்குவமாக, இன்னொருத்தர் வாயில். நாலு பேருக்கு நாற்காலி போட்டுக் காலையில் சொல்லிக் கொடுத்ததையே மாலையில் அவளுக்கு எழுதியிருக்கிறான். கொஞ்சம்கூட மாற்றி எழுதத் தோன்றவில்லை அவனுக்கு. அவ்வளவு நம்பிக்கை, தங்கையின் முட்டாள்தனத்தில்.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. மறுபடி உட்கார்ந்தாள். ராஜ்கமலுடைய நம்பருக்கே பதில் அடித்தாள்.

'அண்ணா, நல்லா எழுதியிருக்க. இப்ப போனை என் வீட்டுக்காரர்கிட்ட குடு.'

அனுப்பினாள். இரண்டு டிக்கும் உடனே நீலமாயின. எதிர்முனையில் யாரோ எதையோ எழுத ஆரம்பித்தார்கள். நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

ரொம்ப நேரம் கழித்து போன் அடித்தது. ராஜ்கமல் இல்லை, சுமலதா.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"பீச்ல."

"உங்க வீட்டுக்காரரு கடைய சாத்திட்டு இங்கதான் வந்தாரு. ரெண்டு பேரும் மாடியில ஒரே போனை வெச்சிகினு உக்காந்திருக்காங்க." சுமலதாவுக்கு மூச்சு வாங்கியது, அழுதிருக்கிறாள். "நான் நேரா மேல போயிக் கேட்டேன் அண்ணி. ஏன்டா, உன் பொண்டாட்டிக்கு ஒரு வரி நீயா எழுத மாட்டியான்னு. 'மச்சான் எழுதினாதான் அவ வருவா'ங்கறான் எங்க அண்ணன். இவரு என்னான்னா, 'நீ கீழ போ சுமா, இது ரொம்ப முக்கியமான எழுத்து'ங்கறாரு."

கார்குழலி போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"எனக்காகத்தான் உங்கள இப்படி ஏமாத்துனாங்களா அண்ணி? நீங்க ஆசைப்பட்டுதான் எங்க வீட்டுக்கு வந்தீங்கன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். இந்த ஆளு எனக்கும் காலேஜுல படிக்கறப்ப எழுதினான். அதெல்லாம் எதப் படிச்சி எழுதினான்னு இப்ப யாருகிட்ட போயி கேப்பேன்?"

"அழாதீங்க அண்ணி."

"நான் அழல. ரெண்டு புடவைய பையில போட்டுக்கிட்டு தெருமுனைக்கு வந்துட்டேன். அம்மா வீட்டுக்குப் போலாம்னுதான் கிளம்புனேன். அப்புறம்தான் தோணுது, அங்க போனா அண்ணன் வீடு. எங்கம்மாதான் இதுக்கெல்லாம் ஆரம்பமே. ஆட்டோக்காரரு எங்க போவணும்னு கேக்கறாரு, நான் முழிச்சிகினு நிக்கறேன். நீங்க சொல்லுங்க அண்ணி, நான் எங்க வரட்டும்?"

அது தெரிந்திருந்தால் கார்குழலி இந்நேரம் அங்கே போயிருப்பாள்.